சின்னத்தில் மட்டும் உழவன்

எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒரே கட்சி ஆகிவிட்டால் உழவனுக்கு விடிந்துவிடும் என்று நம்மில் பலர் பேசுகிறோம். அந்தப் பேச்சு வந்தாலே எனக்கு 1977 ஞாபகத்துக்கு வரும்.

அந்த வருசம் ஜனவரி 18-இல் இந்திரா காந்தி தேர்தலை அறிவிச்சார். அஞ்சே நாளில் ஜனதா கட்சி உருவானது. பழைய காங்கிரஸ், ஜனசங்கம், பாரதிய லோக்தளம், சோசலிஸ்ட் கட்சி நாலும் சேர்ந்தன. முறையான இணைப்பே தேர்தல் முடிந்து மே 1-இல்தான் நடந்தது. சின்னம் லோக்தளத்தின் ஏர் உழவன். சக்கரத்துக்குள்ளே கலப்பையைத் தோளில் சுமந்த விவசாயி. வடக்கே கிராமம் கிராமமா அதில் குத்தினாங்க. 295 இடம். (நம்ம பக்கம் அது எடுபடலை, அது வேற கதை.)

நெருக்கடி நிலைக்கு முடிவு கட்டணும் என்பதில் எல்லாருக்கும் ஒரே மனசு. அது பெரிய காரியம்தான். அதுக்கப்புறம்? யார் பிரதமர், ஆர்.எஸ்.எஸ். உறுப்பினர் கட்சியில் இருக்கலாமா என்ற சண்டைதான். உழவர் தலைவரான சரண்சிங்கே 1978-இல் அமைச்சரவையை விட்டு வெளியேற நேர்ந்தது. டிசம்பர் 23, தன் பிறந்த நாளன்று டெல்லியில் உழவர்களைத் திரட்டிக் காட்டினார். அடுத்த மாதமே துணைப் பிரதமராக, நிதியமைச்சராக அழைத்துக்கொண்டார்கள். ஆளும் கட்சியின் சின்னமே உழவன். அவன் பேச்சு எடுபட வீதியில் கூட்டம் கூட்ட வேண்டியிருந்தது!

சரி, அவர் போட்ட 1979 பட்ஜெட்டில் என்ன வந்தது? ரசாயன உரத்துக்கு வரி குறைந்தது. சிரிக்கிறதா, அழுகிறதா? அவரைக் குறை சொல்லி என்ன பண்ண, அன்றைக்கு உழவர் கேட்டதும் அதைத்தானே. அந்த ஜூலையில் ஆட்சியும் போச்சு. 1980-இல் இந்திரா 353 இடங்களோடு திரும்பி வந்தார்.

நாம் பலதானியம் கலந்து விதைக்கிறோம். பூவெடுக்கையில் மடக்கி உழ வேண்டும் என்று விதைக்கிற அன்றைக்கே தெரியும். எதற்கு என்று தெரியாமல் யாரும் கலப்பதில்லை.

கட்சிகள் நாளைக்கு இணையட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இணைப்புப் பேச்சு நடக்கும்போதே நம் கேள்விகளைக் கையில் கொடுத்துவிடணும். நாட்டு விதையை வச்சுக்க, மாத்திக்க, விற்க எங்களுக்குள்ள உரிமையில் கை வைக்க மாட்டீங்களா? ரேஷன் கடைக்குச் சிறுதானியத்தை எங்ககிட்டயே வாங்குவீங்களா? மூட்டை உரத்துக்குக் கொடுக்கிற மானியம் தொழுவுரத்துக்கும் உண்டா? பதில் எழுத்தில் வேணும், ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடியே வேணும்.