கரைப்பது கைவிடுவதற்கே

2008 ஜனவரி 30 அன்று, மும்பை கிர்காவ் சௌபாத்திக்கு அப்பால் அரபிக்கடலில் காந்தியடிகளின் அஸ்தி கரைக்கப்பட்டது. அவர் கொல்லப்பட்டு அன்றோடு சரியாக அறுபது ஆண்டுகள் நிறைந்திருந்தன. துபாயில் வாழ்ந்த இந்திய வணிகர் ஒருவரின் குடும்பம் பல்லாண்டுகள் காத்துவந்த கலசம் அது. பின்னர் மும்பையின் மணிபவன் அருங்காட்சியகத்தை வந்தடைந்தது. அதனைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் எண்ணம் எழுந்தபோது காந்தியின் குடும்பத்தார் உடன்படவில்லை. அஸ்தி காட்சிப்பொருள் அன்று, அது கரைக்கப்பட வேண்டியது என்பது அவர்கள் நிலைப்பாடு. அன்று அதனைக் கடலில் சேர்த்தவர் நீலம்பென் பரிக். அவர் காந்தியின் மூத்த மகன் ஹரிலாலின் மகள்வழிப் பேத்தி.

இந்த உறவுமுறையில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. தந்தையோடு முரண்பட்டு விலகி வாழ்ந்தவர் ஹரிலால். மரபுப்படி கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் அவரே. எனினும் 1948 ஜனவரி 31 அன்று தில்லியில் சிதைக்குத் தீ மூட்டியவர் மூன்றாம் மகன் ராமதாஸ். அதே ஆண்டு ஜூன் 18 அன்று, காசநோயால் நலிந்த ஹரிலால் இதே மும்பையில் இறந்தார். மகன் செய்யாமல் விட்ட கடனை, அவர் இறந்த நகரத்தின் கடலிலேயே பேத்தி நிறைவேற்றினார். அறுபது ஆண்டுகளாக ஒரு குடும்பத்துக்குள் முடிவுறாமல் இருந்த ஒன்றை அந்தக் கடல் முடித்துவைத்தது எனலாம்.

அஸ்தி கரைத்தல் என்னும் சடங்கின் உட்பொருளை இந்நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. கரைப்பது என்றால் உரிமையைக் கைவிடுவது. இறந்தவர் மீது குடும்பம் கொண்டாடும் உரிமை, அரசு கொண்டாடும் உரிமை, சொந்த ஊர் கொண்டாடும் உரிமை ஆகிய அனைத்தையும் நீரில் விட்டுவிட்டுத் திரும்புவதே அச்சடங்கு. இன்று மும்பையிலும் தாணேயிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அஸ்திக் கலசத்தின் முன் அடையும் தடுமாற்றங்களுக்கு, இந்த உட்பொருள் மறக்கப்பட்டதே காரணம்.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைய வேண்டும். எரித்து, எலும்பு பொறுக்கி, நீரில் கரைப்பதே தமிழரின் தொன்றுதொட்ட ஒரே வழக்கம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மணிமேகலையின் சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதை, இறந்தோரை எரித்தல், வெளியில் இட்டுவிடுதல், குழிதோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைத்தல், தாழியால் கவித்தல் என ஐவகை வழக்கங்களை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் கடலில் கரைத்தல் இல்லை. ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகள் மற்றொரு காலத்தின் நம்பிக்கையைச் சொல்கின்றன. ஆகவே எந்த நீர், எந்த ஊர், யார் கை என்பனவெல்லாம் காலந்தோறும் மாறிவந்தவையே. மாறியவை இனியும் மாறலாம். அதனால் மரபுக்குக் கேடு விளையாது.

காந்தியின் அஸ்தி சென்ற வழிகளைத் தொடர்ந்து பார்த்தால், உரிமை கொண்டாடுவதன் விளைவு விளங்கும். 1948 பிப்ரவரி 12 அன்று திரிவேணி சங்கமத்தில் பெரும்பகுதி கரைக்கப்பட்டது. எஞ்சியது பல கலசங்களில் நாடெங்கும் அனுப்பப்பட்டது. கன்னியாகுமரியில் கடலில் சேர்ப்பதற்கு முன் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில்தான் 1956இல் காந்தி மண்டபம் எழுந்தது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2 அன்று கதிரொளி அந்த இடத்தில் விழுமாறு அது அமைக்கப்பட்டுள்ளது. அங்கே அஸ்தி கடலுக்குச் சென்றது, நினைவு நிலத்தில் நின்றது. இதுவே முறையான பங்கீடு.

ஆனால் எல்லாக் கலசங்களுக்கும் அந்த விடுதலை வாய்க்கவில்லை. ஒன்று ஒடிசாவின் கட்டாக்கில் வங்கிப் பெட்டகத்தில் பல்லாண்டுகள் கிடந்தது. காந்தியின் கொள்ளுப்பேரன் துஷார் காந்தி நீதிமன்றம் வரை சென்று அதனைப் பெற்று, 1997 ஜனவரி 30 அன்று சங்கமத்தில் கரைத்தார். மற்றொரு பகுதி தென்னாப்பிரிக்காவில் ஒரு குடும்பத்திடம் இருந்து, 2010 ஜனவரி 30 அன்று டர்பன் கடலில் தூவப்பட்டது. இன்னொரு பகுதி லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஒரு நினைவிடத்தில் இன்றும் இருக்கிறது. அன்பினால் வைத்திருந்தவர்களும் உண்டு, மறதியால் வைத்திருந்தவர்களும் உண்டு. இரண்டின் முடிவும் ஒன்றே: அஸ்தி உடைமையாயிற்று. உடைமை என்றால் பெட்டகமும் வழக்கும் பின்தொடரும்.

இதற்கு மாறான முன்மாதிரியை நேரு விட்டுச் சென்றார். 1954 ஜூனில் எழுதிய உயிலில், தமக்குச் சமயச் சடங்கு எதுவும் வேண்டாம் என்றார். ஒரு கைப்பிடிச் சாம்பலை அலகாபாத்தில் கங்கையில் இடுமாறும், பெரும்பகுதியை வானூர்தியிலிருந்து உழவர் உழும் வயல்கள் மீது தூவுமாறும் கேட்டுக்கொண்டார். எவ்விடத்திலும் எதுவும் சேமித்து வைக்கப்படலாகாது என்பதிலும் அவர் கருத்தாக இருந்தார். தம் அஸ்தி மீது பிறர் உரிமை கொண்டாடுவார்கள் என்பதை முன்னுணர்ந்து, அந்த வாயிலை அவரே அடைத்துவிட்டார்.

இனி இக்கேள்வி தாணேயின் வாசலுக்கு வருகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறைகள் வீட்டுவிலை துரத்த முலுண்டு, தாணே, டோம்பிவிலி என நகர்ந்தன. நெல்லையிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ இளமையில் இரயிலேறி வந்த ஒருவர் ஐம்பது ஆண்டுகள் இந்நகரில் உழைத்து இங்கேயே கண்மூடுகிறார். தாணேயின் மயானம் ஒன்றில் தகனம் முடிகிறது. மறுநாள் கலசம் கைக்கு வருகிறது. எங்கே கொண்டு செல்வது? காவிரிக்கா, தாமிரபரணிக்கா, இராமேசுவரத்துக்கா? அருகிலுள்ள நாசிக் ராம்குண்டத்துக்கா? விடுப்பும் பயணச்சீட்டும் பங்காளிகளின் ஒப்புதலும் கூடிவரும் வரை கலசம் காத்திருக்கிறது. மயானப் பெட்டகத்திலோ, வீட்டுக்குள் கொண்டுவரலாகாது என்பதால் யாரோ ஒருவர் வீட்டு மரக்கிளையிலோ தொங்குகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் இந்தக் காத்திருப்பு நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. 2021இல் இந்திய அஞ்சல் துறை விரைவஞ்சல் வழியே அஸ்தியைக் காசி, பிரயாகை, ஹரித்துவார், கயை ஆகிய தலங்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. சடங்கை உறவினர் இணையத்தில் காணவும் வழி செய்யப்பட்டது. நல்லெண்ணத்தில் பிறந்த திட்டமே அது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: கண்ணெதிரே கடல் இருக்கையில், தொலைவிலுள்ள நீர் மட்டும் ஏன் புனிதமாகிறது?

சொந்த ஊரின் நீரே உயர்ந்தது என்னும் எண்ணத்துக்குள், புலம்பெயர்ந்தவரின் வாழ்வைக் குறைத்து மதிக்கும் பார்வை ஒன்று ஒளிந்திருக்கிறது. பிழைக்க வந்த இடம் வேறு, உரிய இடம் வேறு என அது கருதுகிறது. ஒருவர் பதினெட்டு ஆண்டு வாழ்ந்த ஊர் அவருடையது, ஐம்பது ஆண்டு வாழ்ந்த நகரம் அவருடையது அன்று என்பது எவ்வகைக் கணக்கு? அந்தச் சொந்த ஊரிலும் எல்லோருக்கும் ஒரே சுடுகாடு இருந்ததில்லை. தமிழக ஊர்கள் பலவற்றில் மயானமும் அதற்குச் செல்லும் பாதையும் சாதிவாரியாகப் பிரிந்து கிடப்பது மறைக்க இயலாத உண்மை. இறந்த பின்னும் தெரு பிரிக்கும் ஊருக்குச் சாம்பலைத் திருப்பி அனுப்புவதைக் காட்டிலும், தெருவே இல்லாத கடலில் சேர்ப்பது சிலருக்கேனும் முதல் சமத்துவமாக அமையும்.

யார் கை என்பதும் இதனோடு இணைந்த கேள்வி. பெண்கள் மயானத்துக்கு வரலாகாது, அஸ்தியைத் தொடலாகாது என்னும் தடை மும்பைத் தமிழ் வீடுகளிலும் இன்னும் உயிரோடிருக்கிறது. மகள் மட்டுமே உள்ள வீட்டில் தூரத்துப் பங்காளியைத் தேடும் அவலம் அதனால் நேர்கிறது. சௌபாத்தியில் நீலம்பென் செய்தது அத்தடைக்கு ஒரு மறுமொழி. அடுத்த ஆண்டே மற்றொரு மறுமொழி தமிழ்நாட்டின் கரையில் கிடைத்தது. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் இறந்த புற்றுநோய் ஆய்வாளர் சியாமளா கோபாலனின் அஸ்தியை அவருடைய மகள் கமலா ஹாரிஸ் சென்னைக்குக் கொண்டுவந்து பெசன்ட் நகர்க் கடலில் கரைத்தார். அங்கே மகளின் கையே போதுமானதாக இருந்தது. சியாமளா தமக்குரிய கரைக்குத் திரும்பியதும், காந்தியின் அஸ்தி அவர் பிறக்காத நகரத்தின் கடலில் கலந்ததும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. அன்புடையோர் எங்கே நின்று கைவிட இயலுமோ, அதுவே உரிய கரை.

ஆனால் கைவிடுதல் என்பது எறிந்துவிடுதல் அன்று. இங்கேதான் தாணேக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. தாணே நகரத்தின் வாசலில் இருப்பது திறந்த கடல் அன்று, அது கழிமுகம். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வருகிறது, இறங்கும்போது சேறு வெளிப்படுகிறது. இடப்பட்டது போய்விடுவதில்லை, திரும்பி வருகிறது. பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இரைதேடும் அந்தச் சேற்றுநிலம் 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சாம்பலின் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். அது இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வருவதில்லை. கேடு செய்வது பெரும்பாலும் அதனுடன் செல்லும் பிற பொருள்களே: நெகிழிப்பை, செயற்கை மாலை, சரிகைத் துணி, சட்டமிட்ட படம். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் பையோடு வீசிச் செல்வோர் கைவிடுவது அஸ்தியை அன்று, தம் பொறுப்பை.

பிற நாடுகள் இதற்கு எளிய விதிகளை வகுத்துள்ளன. அமெரிக்காவில் அஸ்தியைக் கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்கு அப்பால் கரைக்க வேண்டும். முப்பது நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மட்காத பொருள் எதுவும் உடன் செல்லலாகாது. உலகின் பெரிய பயணக் கப்பல் நிறுவனங்கள் பலவும் முன்னனுமதி பெற்று, மட்கும் கலசத்தில் அஸ்தியைக் கடலில் சேர்க்க இடமளிக்கின்றன. மும்பையிலிருந்து கோவாவுக்கும் இலட்சத்தீவுக்கும் உல்லாசக் கப்பல்கள் செல்லும் இக்காலத்தில், இவ்வழக்கம் இங்கும் வருவதற்குத் தடையில்லை. ஆனால் கப்பற்பயணம் வசதியுடையோர்க்கே எட்டும். தாராவியின் ஒற்றையறைக் குடும்பத்துக்கு அது வழியாகாது.

ஆகவே தேவைப்படுவது ஒரு பொது ஏற்பாடு. பிள்ளையார் சிலைகளைக் கரைக்கச் செயற்கைக் குளங்களையும் நிர்மால்யக் கலசங்களையும் அமைத்துப் பழகிய மாநகராட்சிகள், மயானங்களோடு இணைந்த அஸ்திப் படகுச் சேவையையும் அமைக்க இயலும். வாரம் ஒரு நாள், குறித்த ஓதநேரத்தில், குறைந்த கட்டணத்தில், பூவும் சாம்பலும் அன்றி வேறெதுவும் ஏற்றாத படகு. அதனைச் செலுத்தக் கோலி மீனவரைவிடத் தகுந்தவர் யார்? நாரளி பௌர்ணமியன்று தேங்காய் அளித்துக் கடலை வணங்குவோர் அவர்கள். இந்நீரின் ஏற்றவிறக்கம் அவர்களுக்குக் கைவந்தது. சாதி, மொழி, ஆண், பெண் வேறுபாடின்றிப் படகில் இடம் இருக்க வேண்டும். இந்நகரின் தமிழ்ச் சங்கங்களும் ஆய்வாளரும் மாணவரும் இக்கோரிக்கையை முன்னெடுத்தால் அது மும்பையின் எல்லா மொழியினருக்கும் பயன்படும்.

மறுப்பு ஒன்று எழக்கூடும். தம்மைக் காவிரியிலேயே கரைக்க வேண்டுமென்று இறந்தவர் சொல்லிச் சென்றிருந்தால்? அவர் சொல்லே முடிவு. நேருவின் உயிலுக்குத் தந்த மதிப்பு தாணேயின் ஓய்வுபெற்ற எழுத்தரின் சொல்லுக்கும் உண்டு. போய் நின்று அழ ஓரிடம் வேண்டாமா என்பது மற்றொரு மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. கல்லறைக்கு முகவரி உண்டு, கடலுக்கு இல்லை. ஆனால் கன்னியாகுமரி காட்டியதுபோல் நினைவுக்கு வேறு இடம் தரலாம்: திதி, ஒரு மரம், ஒரு மாணவருக்கான உதவித்தொகை, ஒரு நூலக அலமாரி. நினைவைக் காப்பதற்குச் சாம்பலைக் காக்க வேண்டியதில்லை.

வாழும்போது தம் விருப்பத்தை ஒரு தாளில் எழுதி வைப்பதே ஒவ்வொருவரும் வீட்டாருக்குச் செய்யக்கூடிய கடைசி உதவி. எந்த நீர், யார் கை என்று இரண்டே வரிகள் போதும். அவ்வரிகள் இல்லாத வீடுகளில் கலசம் மாதக்கணக்கில் மயானப் பெட்டகத்தில் காத்திருக்கிறது; வெளியே ஓதம் நாள்தோறும் இருமுறை வந்து திரும்பிச் செல்கிறது.