உதட்டுக் கொப்புளம் நடத்தைச் சான்றிதழா?

ஷிப்ட் முடியும் வேளையில் ஒரகடம் கூட்டுச் சாலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா, நண்பர்களே? கம்பெனிப் பேருந்துகளிலிருந்து சீருடையணிந்த நம் வயதுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். ஊரையும் உறவையும் விட்டு வந்து, விடுதி அறைகளில் பலராகத் தங்கி உழைப்பவர்கள் அவர்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அரசு திறந்த விடுதி ஒன்றே 18,720 பேர் தங்கக்கூடியது என்றால், அவர்கள் தொகையை எண்ணிப் பாருங்கள்.

தனியார் விடுதி ஒன்றில் தங்கி வேலை பார்த்தவள் என் பெரியம்மா மகள். தொடர்ந்து இரவு ஷிப்ட், காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் உதட்டோரத்தில் கொத்தாக நான்கு கொப்புளங்கள். அறைத் தோழி ஒருத்தி கைப்பேசியில் தேடினாள். 'ஹெர்ப்பிஸ்' என்று வந்தது. அடுத்த வரியில் 'பால்வினை நோய்' என்று வந்தது. அவ்வளவுதான்! அன்றிரவே அக்காவின் தம்ளர் தனியானது, பாய் தனியானது. "யாரோட சுத்தினாளோ!" என்றது ஒரு வாய். பத்து நாளில் புண் ஆறியது, பேச்சு ஆறவில்லை. அக்கா வேலையை விட்டு ஊர் திரும்பினாள்.

அந்தத் தோழி படித்தது பொய்யன்று, பாதி உண்மை. பாதி உண்மையோ பொய்யினும் கொடியது.

ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரு வகை உண்டு. உதட்டுக் கொப்புளம் பெரும்பாலும் முதல் வகையால் வருவது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 380 கோடிப் பேர், இதை உடலில் சுமக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பலருக்கும் குழந்தைப் பருவத்திலேயே, கொஞ்சி முத்தமிட்ட பெரியோரின் எச்சிலால் தொற்றிவிடுகிறது. பின்னர் நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடக்கிறது. காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மனச்சோர்வு இவற்றால் உடல் தளரும்போது விழித்தெழுகிறது. எனவே அக்காவின் உதடு சொன்னது அவள் நடத்தையையன்று. அவள் கண்விழித்த இரவுகளை என்றுதான் நான் கருதுகிறேன்.

இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவால் பரவிப் பிறப்புறுப்பில் புண் உண்டாக்குவது. ஆனால் வாய்வழி உறவால் முதல் வகையும் அங்கே சென்று தொற்றக்கூடும். இரண்டுக்கும் உள்ள உறவு இதுவே. கொப்புளம் இருக்கும்போது முத்தமும் வாய்வழி உறவும் கூடாது. பிறந்த குழந்தையை முத்தமிடவே கூடாது, அதன் உயிருக்கே ஆபத்தாகலாம். புண்ணைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும். புண் இல்லாதபோதும் சில சமயம் தொற்றும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், அறவே நீக்காது. ஆனால் ஒரே அறையில் படுப்பதாலோ ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ பரவும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வைரஸை அடியோடு ஒழிக்கும் மருந்து இல்லை. எனினும் தொடக்கத்திலேயே ஏசைக்ளோவிர் போன்ற மாத்திரை உட்கொண்டால் புண் விரைவில் ஆறும்.

"அப்படியானால் உன் அக்கா குற்றமற்றவள்" என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லக்கூடும். அந்தத் தீர்ப்பையும் நான் ஏற்கமாட்டேன்! அவளுக்கு வந்தது பிறப்புறுப்புப் புண்ணாகவே இருந்தால் மட்டும் தம்ளரைத் தனியே வைப்பது நியாயமாகிவிடுமா? கணவனிடமிருந்தே அதைப் பெற்ற மனைவியர் இல்லையா? யாரிடமிருந்து வந்தாலும் நோய் நோய்தான், நோயாளி குற்றவாளியல்லர்.

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். அதன்பின் எத்தனை குடும்பங்கள் கிருமியைவிடப் பழிச்சொல்லுக்கு அஞ்சி நோயை மறைத்தன! மறைத்த நோய் மருத்துவரை அடைவதில்லை, பரவுவதையும் நிறுத்துவதில்லை. அந்தப் பாடத்தை நாம் மறுபடியும் படிக்க வேண்டுமா?

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏரிக்கரையைத் தூய்மை செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம். அடுத்த முகாமில் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கினால் என்ன? ஓர் அரசு மருத்துவரை அழைப்போம். விடுதித் தோழியரையும் அழைப்போம். கொப்புளத்துக்கு மருந்து கடையில் கிடைக்கும். நாவினால் சுட்ட வடுவுக்கு மருந்து நம்மிடம்தான் இருக்கிறது.