தலைமுடியும் ஓட்டும்

சாத்தான்குளத்தில் என் அத்தை வீட்டு அடுக்களை அலமாரிக்கு ஐந்து தட்டு. கீழ் நான்கு தட்டுகளுக்கும் பொங்கலுக்குப் பொங்கல் பழைய பத்திரிகையை மாற்றி விரித்துவிடுவாள். மேல் தட்டு மட்டும் எட்டாது. எனவே யாரும் தொடுவதில்லை. சென்ற மாதம் நான் போயிருந்தபோது, “நீ கொஞ்சம் உசரம்தானேட்டி, ஏறு” என்று என்னை ஸ்டூலில் ஏற்றிவிட்டாள். கருப்பட்டிப் பானையை இறக்கி, அடியிலிருந்த தாளை உருவிக் கொடுத்தேன். அத்தை அதைக் கசக்கப் போனவள் நிறுத்திவிட்டாள்.

“இவ யாருட்டி? மொட்டையடிச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கா. திருச்செந்தூருக்கு நேர்ந்துக்கிட்டாளா?”

தாள் 2021 மார்ச் மாதத்தது. படத்திலிருந்தவர் லதிகா சுபாஷ். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், மகளிர் காங்கிரஸின் மாநிலத் தலைவியாக இருந்தவர். வருஷக் கணக்காகக் கட்சிக்கு உழைத்தவர். 2011-இல் கட்சி அவருக்கு ஓர் இடம் கொடுத்தது. எங்கே தெரியுமா? மலம்புழையில், முதன்மந்திரியாக இருந்த அச்சுதானந்தனை எதிர்த்து! ஜெயிக்க முடியாத இடம் என்றால் பெண்ணின் ஞாபகம் கட்சிகளுக்குத் தானாக வந்துவிடுகிறது. பத்து வருஷம் கழித்து, தமக்குப் பழக்கமான ஏற்றுமானூர்த் தொகுதியைக் கேட்டார். அது கூட்டணியில் வேறு கட்சிக்குப் போய்விட்டது. மார்ச் 14-ந் தேதி அபேட்சகர் பட்டியல் வெளிவந்ததும் தலைவி பதவியை உதறிவிட்டு, திருவனந்தபுரத்தில் கட்சி ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து தலையை மழித்துக்கொண்டார். தமக்கு இல்லை என்பதற்காக மட்டும் அல்ல. மாவட்டத்துக்கு ஒரு பெண்ணாவது நிற்கவேண்டும் என்று கேட்டிருந்தார்கள், அதுவும் கிடைக்கவில்லை என்பதற்காகவும்.

நம் நாட்டில் ஒரு பெண்ணின் தலை மழிந்தால் அதற்கு அர்த்தம் இரண்டுதான் இருந்தது. ஒன்று நேர்த்திக்கடன், மற்றொன்றை நான் சொல்ல வேண்டியதில்லை, நம் பாட்டிமார் காலத்துக் கொடுமை. மூன்றாவதாக ஓர் அர்த்தத்தை அந்த அம்மாள் உண்டாக்கினார். படத்தைப் பார்த்த பெண்களுக்கெல்லாம் வயிற்றைப் பிசைந்திருக்கும்.

“அப்புறம்?” என்றாள் அத்தை.

அப்புறம் ஏற்றுமானூரில் சுயேச்சையாக நின்றார். ஏப்ரல் 6-ந் தேதி ஓட்டுப் பதிவு. இடையில் மூன்று வாரம் இரண்டு நாள். புதுச் சின்னம் வாங்கி, அதை வீடு வீடாகக் காட்டி, நெஞ்சில் பதிய வைக்க அவ்வளவுதான் அவகாசம். லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்த தொகுதி அது. சரிபாதி பெண்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஐம்பதினாயிரம் பேருக்குக் குறையாது. லதிகாவுக்கு விழுந்தது 7,600 சொச்சம். மார்க்ஸிஸ்ட் கட்சியின் வாசவன் 14,000-க்கு மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். லதிகாவின் ஓட்டு அத்தனையையும் அள்ளிக் கூட்டணி அபேட்சகரின் மடியில் கொட்டியிருந்தாலும் அவர் ஜெயித்திருக்க முடியாது. ஆகவே, ‘அவளை மதிக்காததால் தோற்றோம்’ என்று கட்சிக்காரர் யாரும் தூக்கம் கெட வேண்டியிருக்கவில்லை.

“பார்த்தியா, பொம்பளைக்குப் பொம்பளையே ஓட்டுப் போடல” என்று அத்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? அவள் சொன்னது வேறு.

“துஷ்டி கேக்கப் போறது வேற, ஓட்டுப் போடுறது வேற.”

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 2008-இல் ஹில்லாரி கிளிண்டன் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ஓட்டு வாங்கியும் கட்சிக்குள் நடந்த போட்டியில் ஒபாமாவிடம் தோற்றுப்போனார். அவருக்காக ஓடியாடிய பெண்களில் பலர், ‘செத்தாலும் ஒபாமாவுக்குப் போடமாட்டோம்’ என்று சபதம் செய்தார்கள். எதிர்க்கட்சி மெக்கேன் இதுதான் சமயம் என்று ஸாரா பேலின் என்ற பெண்மணியை உப ஜனாதிபதி அபேட்சகராக நிறுத்திப் பார்த்தார். பெண்ணுக்குப் பதில் பெண். கடையில் சேலை மாற்றிக் கொடுப்பது போல! நவம்பரில் ஓட்டுச் சாவடி வாசலில் எடுத்த கணக்குப்படி பெண்களில் நூற்றுக்கு 56 பேர் ஒபாமாவுக்கே போட்டிருந்தார்கள். கண்ணீர் நிஜம். சபதமும் அன்றைக்கு நிஜம்தான். ஆனால் வீட்டுக் கடன், வைத்தியச் செலவு, யுத்தத்துக்குப் போன பிள்ளை என்று ஆயிரம் கவலை நடுவில் வந்து நிற்கும்போது, ஓட்டு கவலையின் பக்கம்தான் சாய்கிறது.

அத்தையின் சொந்த அனுபவத்தையும் கேட்டேன். 2006-இல் சாத்தான்குளம் என்ற பெயரிலேயே ஒரு தொகுதி இருந்தபோது காங்கிரஸில் ராணி வெங்கடேசன் நின்று ஜெயித்தார். அத்தை அவருக்குத்தான் போட்டாளாம்.

“பெண் என்பதற்காகவா?”

“கைக்குப் போட்டேன். கையைத் தொட்டு அந்தம்மா நின்னுச்சு.”

பிறகு தொகுதிகளை வெட்டி ஒட்டியதில் சாத்தான்குளத்தின் பெயரே மறைந்து, ஊர் ஸ்ரீவைகுண்டத்தோடு சேர்ந்துவிட்டது. 2019 பார்லிமெண்ட் தேர்தலிலோ தூத்துக்குடியில் ஒரு பக்கம் கனிமொழி, எதிர்ப்பக்கம் தமிழிசை சௌந்தரராஜன். பிரதானமான இருவருமே பெண்கள்! பெண்ணுக்குப் பெண் போடுவாள் என்றால் ஓட்டைச் சமமாகப் பிரித்தல்லவா போட்டிருக்க வேண்டும்? கனிமொழி மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். 2021-இல் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளில் சரிபாதியாக 117 பெண்களை நிறுத்தியது. மற்றக் கட்சிகள் வெட்கப்பட வேண்டிய காரியம்தான். ஒருவரும் ஜெயிக்கவில்லை, அந்தக் கட்சியில் ஆண்களும் ஜெயிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டிக்கெட் மறுக்கப்பட்டுத் தனியாக நின்று ஜெயித்த பெண்ணே கிடையாதா என்றால், இருக்கிறார். 2024 அக்டோபரில் ஹரியானாவில் ஹிஸார் தொகுதியில் பாரதிய ஜனதா இடம் கொடுக்காததால் சுயேச்சையாக நின்று வென்றார் சாவித்திரி ஜிண்டால். அப்போது இந்தியாவிலேயே மிகப் பெரிய பணக்காரப் பெண்மணி. அவரை உதாரணமாக வைத்துக்கொண்டு நாமும் துணிந்து நிற்கலாம், கைவசம் இரண்டு இரும்பாலை இருந்தால்!

இவ்வளவும் பேசும்போது பக்கத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள் அத்தை மகள். எனக்கு மதினி முறை. பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். 2011-இல் அவளுடைய வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது நின்று ஜெயித்தாள். குழாயடி, சாக்கடை, தெருவிளக்கு என்று ஐந்து வருஷம் ராப்பகலாக அலைந்தாள். அடுத்த தேர்தல் தள்ளிப் தள்ளிப் போய் 2022-இல்தான் நடந்தது. அதற்குள் வார்டு பொதுவாகிவிட்டது. பொது என்றால் ஆண் என்று அர்த்தம் போலிருக்கிறது. கட்சி அவளைக் கூப்பிட்டுக்கூடச் சொல்லாமல், அவள் போட்ட குழாயில் ஒரு நாளும் குடம் வைத்திராத ஒருவரை நிறுத்திவிட்டது.

“தெருப் பெண்கள் என்ன செய்தார்கள்?” என்றேன்.

“வந்தாங்க. பட்டாசாலை கொள்ளாத கூட்டம். ‘உனக்கா இப்படி’ன்னு அழுதாங்க. எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஓட்டன்னைக்கு வரிசையில நின்னு சின்னத்துக்குக் குத்திட்டுப் போனாங்க.”

“நீ?”

கீரையைப் பார்த்துக்கொண்டே, “நானும்தான்” என்றாள். “ஆரத்தித் தட்டுகூட நான்தான் பிடிச்சேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேலா, கட்சிமேலா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரேஷன் கார்டுக்கும், முதியோர் பணத்துக்கும், பிள்ளையின் சர்ட்டிபிகேட்டுக்கும் நாளைக்கு யார் வாசலில் போய் நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால், பெண்கள் எங்கும் போகமாட்டார்கள் என்பது பட்டியல் எழுதுகிறவர்களுக்கும் தெரிந்திருக்கிறதே, அதுதான் சங்கடம். 2021-இல் நம் சட்டசபைக்குப் போன 234 பேரில் பெண்கள் 12 பேர். ஓட்டர் பட்டியலிலோ ஆண்களைவிட நாம்தான் அதிகம். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்ததால் அங்கே மட்டும் நாற்காலி கிடைக்கிறது. சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023-இல் நிறைவேற்றிய சட்டத்தில், ஜனத்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி வரையறையும் முடிந்த பிறகே என்று ஒரு பூட்டையும் போட்டுவிட்டார்கள்.

“அழுததெல்லாம் பட்டியல் வந்த பிறகுதானே?” என்று மதினியைக் கேட்டேன். “அதற்கு முன்னால் இந்தப் பட்டாசாலைக் கூட்டம் கட்சி ஆபீஸுக்குப் போயிருந்தால்?”

மதினி நிமிர்ந்து பார்த்தாள். “போகணும்னு யாருக்கும் தோணல. எனக்கே தோணல. நாம செஞ்ச வேலை தெரியாதா, அவங்களா கொடுப்பாங்கன்னு இருந்துட்டேன்.” சற்றுப் பொறுத்து, “எங்க மகளிர் குழுவுல மட்டும் பதினாறு பேரு” என்றாள். அடுத்த தெருக் குழுவையும் அதற்கடுத்த தெருக் குழுவையும் விரல் விட்டு எண்ணினாள், நாற்பத்தெட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. மேல் தட்டுக்குப் புதுத் தாளைக் கொடுத்தாள். பழைய தாளைச் சுருட்டப் போனவளிடமிருந்து மதினி அதை வாங்கி, படம் இருந்த பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துவைத்துக்கொண்டாள்.

“அந்தப் பிள்ளை இப்போ எங்க இருக்கா?” என்றாள் அத்தை. அந்த வருஷம் மே மாதமே வேறு கட்சிக்குப் போய்விட்டதாகச் சொன்னேன்.

“முடி வளந்திருக்கும், என்ன?”

“வளர்ந்திருக்கும், அத்தை.”

“சரி, பானையை ஏத்து.”