பரீட்சையில்லாப் பாடம்

புலவர்க்கும் பண்டிதர்க்கும் விழா எடுக்கின்றோம்; அவர்தம் நூல்களை மறுபதிப்புச் செய்கின்றோம். செய்யத்தக்கதே. ஆயின், நூலொன்றும் எழுதாது, மேடையொன்றும் ஏறாது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலே நின்று, நமக்கு நிற்கவும் நடக்கவும் கற்பித்த தேகாப்பியாச ஆசிரியரை யார் நினைக்கின்றனர்? கணித ஆசிரியனாக இருந்து இளைப்பாறிய நான், அத்தகைய ஒருவரிடம் பட்ட கடனொன்றை இங்கே எழுத விரும்புகின்றேன்.

எங்கள் 'டிறில் மாஸ்ரர்' சென்னை சைதாப்பேட்டை வை. எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரியிற் பயின்றவர். அமெரிக்கரான ஹரி குரோ பக் 1920இல் தொடங்கிய கல்லூரி அது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் விழாவுக்கு இந்திய அணியின் முகாமையாளராகச் சென்றவரும் அந்தப் பக் அவர்களே. அவர் 1943இல் மறைந்தமையால் எங்கள் ஆசிரியர் அவரைக் கண்டதில்லை. ஆயினும் அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஆசிரியர் நிமிர்ந்து நிற்பார்.

தனுஷ்கோடியிற் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிய பழைய பயணங்களை அவர் சொல்லக் கேட்பது தனி இன்பம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த செய்தி வந்தபோது, உறவினரை இழந்தவர்போல் இரண்டு நாள் பேசாதிருந்தார். விடுமுறையில் அவரை வீட்டிற் காண்பது அரிது. துவிச்சக்கர வண்டியில் இலங்கையை வலம் வந்தார். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கீழைக் கரையோரமாகக் கதிர்காமம் வரை அடியார்களோடு நடந்தார். நீந்தத் தெரியாத எங்களைக் கீரிமலைக் கேணியில் இறக்கி நீந்தச் செய்தார்.

1966இல் எங்களிற் சிலரைச் சிவனொளிபாதமலைக்கு அழைத்துச் சென்றார். 7,359 அடி உயரம். பாதி வழியிலே போட்டி போட்டு ஓடத் தொடங்கினோம். அவர் கூறியது இன்றும் என் காதில் ஒலிக்கின்றது: "தம்பிமார், முன்னுக்குப் போறவனை முந்த வேண்டாம், பின்னுக்கு வாறவனை விட வேண்டாம்."

பின்னர் அதே பாடசாலையில் நானும் ஆசிரியனானேன். 1979இல் சாதாரண தரப் பரீட்சை நெருங்கியபோது, அவரது பாடவேளையை அட்சரகணிதத்துக்குத் தரும்படி கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "எடும் தம்பி, ஆனால் கடன் எண்டு எழுதி வையும்" என்றார். அடுத்த வாரமும் எடுத்தேன்; அடுத்த ஆண்டும் எடுத்தேன். பெறுபேறுகள் உயர்ந்தன; எனக்குப் பாராட்டும் கிடைத்தது. மைதானத்திற் புல் வளர்ந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, மழையிலே, வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய அந்த நெரிசலில் அடியெடுத்து வைக்கவே இடமில்லை. இளைப்பாறி அறுபத்தேழு வயதாகியிருந்த அவர், அயல்வீட்டுக் கிழவியைத் தம் வண்டியில் இருத்தி உருட்டியபடி, எங்கள் தெருப் பிள்ளைகளை ஒருவர் கையை ஒருவர் பற்றச் செய்து நடத்தினார். "மூக்காலை மூச்சு எடுங்கோ. சின்ன அடியாய் வையுங்கோ" என்றார். பின்னர், மலையிலே சொன்ன அந்த வாக்கியத்தையே மீண்டும் சொன்னார். விடிந்தபோது எங்கள் தெருவாரில் எவரும் பிரிந்திருக்கவில்லை. நான் கற்பித்த சமன்பாடுகளில் ஒன்றேனும் அன்றிரவு எவர்க்கும் துணைநின்றதாக நான் அறியேன்.

இன்று உடற்கல்விக்கும் பரீட்சை வந்துவிட்டது. சுகாதாரமும் உடற்கல்வியும் என்பது சாதாரண தரத்தில் ஒரு பாடம். கரப்பந்தாட்டத் திடலின் நீளம் 18 மீற்றர், அகலம் 9 மீற்றர், ஆடவர்க்குரிய வலையின் உயரம் 2.43 மீற்றர் என என் பேத்தி பிழையின்றி ஒப்புவிக்கின்றாள். "பந்தைத் தொட்டிருக்கிறாயா, பிள்ளை?" என்றேன். "ரியூசனுக்கு நேரமாகுது, அப்பப்பா" என்று கூறிப் போய்விட்டாள்.

பெற்றோரை நான் குறைகூறேன். இழப்புகள் பல கண்ட நம் சமூகத்துக்குப் பரீட்சையே எஞ்சிய ஏணியாயிற்று. ஆயின், ஏணியில் ஏறுவதற்கும் கால்கள் வேண்டுமன்றோ? அதிபர்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றன்று. நேரசூசியில் மைதானத்துக்கென எழுதப்பட்ட வேளையை மைதானத்துக்கே விடுங்கள். ஒப்புவிப்பதற்கன்று, ஓடுவதற்கு விடுங்கள்.

எங்கள் ஆசிரியர் 2003இல் மறைந்தார். அவரிடம் வாங்கிய பாடவேளைகளில் ஒன்றையேனும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் கணக்குக் கற்பித்தவனின் கணக்கிலே தீராது நிற்கும் கடன் அது. இன்று வகுப்பறையில் நிற்கும் இளம் ஆசிரியர்களே, நீங்களேனும் அக்கடனைப் படாதிருங்கள்.