ஐந்து வயதில் குற்றவாளியா?

சீரியலைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் நம்மூர் சீரியல் இல்லை. ஜப்பான்காரர்களின் பொம்மைப் படத் தொடர். பெயர் 'சைக்கோ-பாஸ்'. பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் லீவில் பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மைப் படம்தானே என்று நான் கறிகாய் நறுக்கிக்கொண்டே உட்கார்ந்தேன். முதல் பாகத்திலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நான் பத்தாவது வரைதான் படித்தவள். கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். மகள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

2012 அக்டோபரில் ஜப்பான் டி.வி.யில் ஆரம்பித்து 2013 மார்ச் வரை 22 பாகம் வந்ததாம். கதையை எழுதியவர் கென் உரோபுச்சி. கதை நடப்பது 2112-ல். அந்த ஊரில் 'சிபில்' என்று ஒரு ஏற்பாடு. ஒவ்வொருவர் மனதையும் தெருவில் இருக்கும் கருவிகளே அளந்துவிடும். மனசு நன்றாக இருந்தால் நிறம் தெளிவாக இருக்கும். கவலை, கோபம் வந்தால் நிறம் கலங்கும். குற்ற எண் 100-ஐத் தாண்டினால், தப்பே செய்யாவிட்டாலும் நீங்கள் குற்றவாளி. 300-ஐத் தாண்டினால் போலீஸ் துப்பாக்கி தானாகவே கொல்லும் துப்பாக்கியாக மாறிவிடும். யாருக்கு எந்த வேலை என்பதையும் சிபில்தான் சொல்லும்.

முதல் பாகத்தில் ஒரு பெண்ணை ஒருவன் கடத்திக் கொடுமை செய்கிறான். போலீஸ் அவனைக் கொன்று இவளைக் காப்பாற்றுகிறது. ஆனால் பயத்திலும் அதிர்ச்சியிலும் இவள் எண் ஏறிவிடுகிறது. உடனே அதே துப்பாக்கி இவள் பக்கம் திரும்புகிறது! அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த அகானே என்ற சின்னப் பெண் அதிகாரி, கூட வந்தவனையே சுட்டு மயக்கமாக்கிவிட்டு, அந்தப் பெண்ணிடம் பேசிப் பேசி அவளை அமைதிப்படுத்துகிறாள். எண் இறங்குகிறது, உயிர் தப்புகிறது. கெடுக்கப்பட்டவளையே குற்றம் சொல்லும் வழக்கம் இயந்திரத்துக்கும் தொற்றிக்கொண்டது பார்த்தீர்களா!

மூன்றாவது பாகம் இன்னும் நன்றாக இருந்தது. வெளியுலகத் தொடர்பே இல்லாத ஒரு தொழிற்சாலை. அங்கே எல்லாருமாகச் சேர்ந்து ஒருவனை மட்டும் கேலி செய்து அடிக்கிறார்கள். மேலதிகாரி கண்டுகொள்வதில்லை. ஏனென்றால் அவனை வதைப்பதால் மற்றவர்கள் நிறம் தெளிவாக இருக்கிறதாம். கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகளாக இருந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ககாரி என்ற பையனுக்காக. போலீசுக்கு உதவியாக வைத்திருக்கும் 'குற்றவாளி'களில் அவன் ஒருவன். எப்போதும் சிரிப்பு, விளையாட்டு. அந்த ஊரில் சாப்பாடெல்லாம் ஹைப்பர் ஓட்ஸ் என்ற ஒரே தானியத்தைத்தான் பலவிதமாக மாற்றித் தருகிறார்கள். இவன் மட்டும் நிஜமான காய்கறி வாங்கித் தானே சமைப்பான். அவனை எப்போது குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள் தெரியுமா? ஐந்து வயதில்! ஐந்து வயதில் ஒரு குழந்தை என்ன செய்திருக்கும்? அதற்கப்புறம் அவனுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, வீடும் இல்லை.

இதைப் பார்க்கும்போது ஒன்பதாவது படிக்கும் என் மகன் பக்கத்தில் இருந்தான். "என்னை மாதிரிம்மா" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம் அவன் பள்ளியில் மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். இவனைக் கடைசி வகுப்பில் போட்டார்கள். "பத்தாவதில் ரிசல்ட்டைக் கெடுத்துவிடுவான், வேறு இடம் பாருங்கள்" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து, "நீ எங்கே உருப்படப் போறே" என்று அதே வார்த்தையை என் வாயாலும் சொன்னேன். அவன் மறக்கவில்லை போல.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரத்தம் ரொம்ப அதிகம். துப்பாக்கி சுட்டால் உடம்பு வெடித்துச் சிதறுகிறது. பெண்கள் பள்ளியில் நடக்கும் கொலைகளில் மாணவிகளின் உடலைச் சிலை மாதிரி அலங்கரித்து வைக்கிறார்கள். அதைக் கேமரா ஏன் அத்தனை ஆசையாகச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும்? அந்த மூன்று பாகமும் என் மகனை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டேன். வில்லன் மகிஷிமாவை அத்தனை அழகாக வரைந்து, வாயைத் திறந்தாலே புத்தக மேற்கோள் பேச வைத்திருக்கிறார்கள். பல இடத்தில் என் மகளுக்கே புரியவில்லை. கெட்டவனைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டும்படி எடுப்பது சரியில்லை.

இன்னொன்று. சிபில் என்பது கம்ப்யூட்டர் இல்லை, அதனால் அளக்க முடியாத ஆட்களின் மூளைகளை, கொலைகாரன் மூளை உட்பட, கோர்த்து வைத்தது என்று பாதிக்கு மேல் தெரிய வருகிறது. எல்லாரும் இந்த இடத்தைத்தான் புகழ்கிறார்களாம். எனக்கு ஏமாற்றம்தான். தராசு திருட்டுத் தராசு என்று காட்டிவிட்டால் வேலை சுலபமாகிவிடுகிறது. தராசு சரியாகவே இருந்தால்? அப்போது ஐந்து வயதுப் பிள்ளையை நிறுத்தி ஒதுக்கலாமா? அந்தக் கேள்வியைக் கதை நேராகக் கேட்காமல் நழுவிவிட்டது. ஆனாலும் ககாரியின் முடிவை மட்டும் மறக்க முடியாது. அந்த ரகசியத்தைப் பார்த்ததற்காக அவனைத் தடயம் இல்லாமல் கொன்றுவிட்டு, 'ஓடிப்போய்விட்டான்' என்று எழுதிவிடுகிறார்கள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2014-ல் வந்த இரண்டாவது தொடர் 11 பாகம். எழுதியவர்கள் வேறு. ரத்தம் கூடியிருக்கிறது, கதை குறைந்திருக்கிறது. நான்கு பாகத்தோடு நிறுத்திவிட்டேன். 2019-ல் வந்த மூன்றாவதை மகள் பார்க்கலாம் என்கிறாள். பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

முதல் தொடரைப் பதினாறு வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் கூட உட்கார்ந்து பாருங்கள், தனியாக விடாதீர்கள் என்பது என் கருத்து. என் பையன் பதினாலு வயதிலேயே பார்த்துவிட்டான், அது என் தப்பு.

போன வாரம் பள்ளிக்குப் போய், "வேறு இடம் பார்க்கச் சொன்னதை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டேன். எழுதித் தர மாட்டார்களாம். "அப்படியானால் அவன் இங்கேதான் பத்தாவது எழுதுவான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கணக்குக்கு மட்டும் பக்கத்துத் தெருவில் டியூஷன் சேர்த்திருக்கிறேன். இதே மாதிரி பிள்ளைகளை வகுப்பு பிரித்து ஒதுக்கியதைச் சந்தித்த சகோதரிகள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, ஈரோடு.