ஆஸ்பத்திரியும் ஆசாரமும்

தாம்பரத்தை அடுத்த திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில், லேத்திலும் பிரஸ்ஸிலும் பாடுபடும் ஒரு தொழிலாளிக்கு விரல் நசுங்கிவிட்டால் அவன் ஆஸ்பத்திரிக்குத்தான் போயாக வேண்டும். போன இடத்தில் புண் ஆறித் திரும்பாமல், போகும்போது இல்லாத கிருமியையும் புண்ணில் சேர்த்துக்கொண்டு திரும்புவானேயானால், அதைத் தலைவிதி என்றும் சொல்லலாம். கழுவாத கை என்றும் சொல்லலாம். இரண்டில் எது உண்மை என்று ஜனங்கள் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகின்றோம்.

1847-ம் வருஷத்தில் வியன்னா நகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்ப்பதால்தான் தாய்மார்கள் ஜுரங்கண்டு சாகிறார்கள் என்று கண்டு, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் எல்லோரையும் கை கழுவச் செய்தார். நூற்றுக்குப் பத்துக்கு மேலிருந்த சாவு மறு வருஷம் இரண்டுக்கும் கீழே இறங்கிற்று. அப்படியிருந்தும் பெரிய வைத்தியர்கள் பலர், தங்கள் கையை அழுக்கென்று சொல்வதா என்று கோபித்துக்கொண்டார்களே ஒழிய, கணக்கைப் பார்க்கவில்லை.

இந்த ரோஷம் வியன்னாவுக்கு மாத்திரம் சொந்தமல்ல. 2010 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கடைசிக் கைமருந்தாக வைத்திருக்கும் கார்பாபெனம் மருந்துகளையும் அழித்துவிடும் என்.டி.எம்.-1 என்ற நொதியைச் சுரக்கும் கிருமிகள், சென்னையில் 44 மாதிரிகளிலும், அரியானாவில் 26-லும், இங்கிலாந்தில் 37-லும் இருந்தன. நம் சர்க்காருக்கு முதலில் வந்த கோபம் கிருமியின் மேலல்ல. அதற்குப் புதுடில்லியின் பெயரை வைத்ததன் மேல்! பெயரை மாற்றினால் கிருமி செத்துவிடுமா என்று கேட்கின்றோம்.

நிற்க, கிருமிக்கு இந்தப் பலம் எப்படி வந்தது? மந்திரத்தால் அல்ல. மருந்துக்குச் சாகிற கிருமி செத்து, தாங்கி நின்றது பெருகுகிறது. தாம்பரம் சானடோரியத்தை அறிந்தவர்களுக்கு, க்ஷயரோகிக்குப் பாதியில் மருந்தை நிறுத்தினால் என்ன நேரும் என்பதும் தெரியும். ஜலதோஷத்துக்கு உதவாத ஆன்டிபயாடிக் மாத்திரையை விபூதிபோல் கேட்டு வாங்கி இரண்டு வேளை போட்டு நிறுத்துவதும் இதற்கு உடந்தையே. 2012-ல் சென்னையில் கூடிய வைத்தியர்கள் சென்னைப் பிரகடனம் வெளியிட்டு இதை எச்சரித்தார்கள். 2014 மார்ச் 1 முதல், முக்கிய மருந்துகளை விற்றால் வைத்தியர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் பதிந்து வைக்க வேண்டுமென்ற விதியும் அமுலுக்கு வந்தது. விதி இருந்தும், சீட்டில்லாமல் நீட்டும் கைக்கு மாத்திரை கிடைக்கத்தான் செய்கிறது.

அன்றியும், இதில் ஜாதியின் விஷமும் இருக்கிறது. மனிதனைத் தொட்டால் தீட்டு என்று தலைமுழுகிய நாட்டில், ஒரு நோயாளியைத் தொட்ட கையை அடுத்த நோயாளியைத் தொடுமுன் கழுவ வேண்டுமென்ற புத்தி வேரூன்றவில்லை! ஏனெனில், நம் ஆசாரம் அழுக்கைப் பார்த்ததல்ல, பிறப்பைப் பார்த்தது. சுத்தம் செய்வது ஈனத்தொழில், அது இன்னாருக்கே உரியது என்ற எண்ணத்தால், ஆபரேஷன் செய்பவருக்குள்ள மரியாதை வார்டைத் துடைப்பவருக்கு இல்லை. அவர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. கையுறையும் சோப்பும்கூட அவருக்கு ஒழுங்காய்க் கிடைப்பதில்லை. அவர் வேலை கெட்டால் கத்தி பிடித்தவரின் வேலையும் கெடும் என்பதைக் கிருமி அறியும், நாம்தான் அறியவில்லை.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. வார்டுதோறும் தண்ணீரும் சோப்பும் குறைவின்றி இருக்கட்டும். துப்புரவுத் தொழிலாளிக்கு நிலையான வேலையும் தக்க சம்பளமும் கிடைக்கட்டும். எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு அங்கேயே கிருமி தொற்றிற்று என்ற கணக்கை வருஷந்தோறும் வெளியிடட்டும். நோயாளியின் மக்களோ, "கை கழுவினீர்களா?" என்று வைத்தியரைக் கேட்கக் கூச வேண்டாம். அப்படிக் கேட்பது அவமரியாதை அல்ல. கேட்காமலிருப்பதுதான் சுயமரியாதைக்குக் குறைவு.