ஒரு சதுர மீட்டர்

வில்லியனூரிலும் பாகூரிலும் வயல்கள் மனைகளாகின்றன. புது வீட்டு வாசலுக்குத் தேக்கு தேடுகிறார்கள், படுக்கையறைக்கு ஏசி வாங்குகிறார்கள். சமையலறைக்கு அக்னி மூலை பார்த்ததோடு சரி. அந்த மூலையில் நிற்கிறவளுக்கு மூச்சு வருமா என்று பார்க்க ஆளில்லை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு பார்த்திருக்கிறது. சமையலறை ஜன்னல் ஒரு சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அது திறந்தவெளியை நோக்கித் திறக்க வேண்டும், டக்ட் சந்துக்குள் திறக்கக் கூடாது. வரைபடத்தில் இருந்த அந்த ஜன்னல், நான் போய்ப் பார்த்த பல வீடுகளில் பாத்திர அலமாரியாகிவிட்டது.

“எக்ஸாஸ்ட் ஃபேன்தான் போட்டாச்சே” என்பார்கள். வெளியே தள்ளுகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் அந்த ஃபேன் சும்மா சுற்றும். அடுப்புக்கு மேலே ஃபேன், எதிர்ச் சுவரில் தாழ்வாக ஒரு காற்றுவழி: இரண்டும் வேண்டும்.

கேஸ் வந்த பிறகு புகை ஏது என்கிறீர்களா? தாளிக்கும் புகை இருக்கிறது. நீலச் சுவாலையும் நைட்ரஜன் டை ஆக்சைடைக் கக்குகிறது. நாள்தோறும் அதைச் சுவாசிப்பது நம் நுரையீரல்.

வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட மட்டும் நம்மைக் கூப்பிடுகிறார்கள். தோழிகளே, வரைபடத்தையும் கேளுங்கள். ஜன்னலை அளந்த பிறகு கையெழுத்துப் போடுவோம்.